யோசிக்கிற வண்டி

மண்ணச்சநல்லூரில் ஓடிய காரை அதன் ஏர் ஃபில்டரே காட்டிக்கொடுத்துவிடும். பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர் இது. ஆலைகள் ஓடுகிற நாளில் வெளுத்த வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் உமிக்கரி புள்ளி வைத்திருக்கும். துறையூர் சாலையில் இருக்கிறது என் பட்டறை. வண்டி கொண்டுவரும் புரோக்கர், “அண்ணே, சென்னை அபார்ட்மென்ட்ல நின்ன வண்டி, டாக்டர் ஓட்டுனது” என்று ஆரம்பிப்பார். நான் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றி மூடியைத் தூக்குவேன். மூலையில் ஒரு சிட்டிகை தவிடு ஒட்டியிருக்கும். “டாக்டர் அபார்ட்மென்ட்ல நெல் அவிச்சாரா?” என்று கேட்டால் புரோக்கர் டீ சொல்லப் போய்விடுவார்.

நான் வேலை கற்றது 1993இல், திருச்சி பாலக்கரையில், ஒரு பாயிடம். அப்போது பட்டறைக்கு வந்ததெல்லாம் டீசல் அம்பாசடரும் மேட்டடோர் வேனும்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார் பாய். எந்த சிலிண்டர் என்று விரலை நீட்டுவார். பிரித்தால் அதுவாகத்தான் இருக்கும். டீசல் இன்ஜினை மூன்று வருடத்தில் எனக்குப் பழக்கிவிட்டார். கியர் பாக்ஸைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அது ஒரு இரும்புப் பெட்டி. எண்ணெய் இருந்தால் ஓடும், தேய்ந்தால் கத்தும், கத்தினால் இறக்கலாம். எங்கள் பக்கம் அன்றைக்கு ‘ஆட்டோ’ என்றால் பம்புசெட்டுக்குப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர்தான். கார் தானாகக் கியர் மாற்றும் என்பது சினிமா சமாச்சாரம்.

கியர் பாக்ஸைப் பெரிதாக எண்ணாத அந்தப் பழக்கம் 2019இல் என்னைக் கவிழ்த்தது. அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் ஒரு டீசல் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்தார். உலர் இரட்டை கிளட்ச் பெட்டி போட்ட வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு மணி நேரம் இன்ஜினைப் பார்த்தேன். ஸ்டார்ட்டிங், புகை, டர்போ, ஆயில் மூடியில் வரும் பேக் கம்பிரஷன் என்று ஒன்றையும் விடவில்லை. பெட்டிக்கு நான் கொடுத்தது பத்து நிமிடம், அதுவும் பைபாஸில் எண்பதில். வெண்ணெய் மாதிரி ஓடியது. “தாராளமா எடுங்க” என்றேன். மூன்றாவது மாதம் சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில், ஆடி மாத வெயிலில், வண்டி உதறி நின்றது. டி-யில் போட்டாலும் ஆர்-இல் போட்டாலும் அசையவில்லை. பெட்டிக்கான கம்ப்யூட்டர் பாகம் போய்விட்டது, மாற்ற வண்டி விலையில் கால்வாசிக்கு மேல் ஆகும் என்று சர்வீஸில் சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க பார்த்துச் சொன்னதாலதான் எடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அது எதற்குக் காணும்?

அந்த நாளிலிருந்து என் வரிசை தலைகீழானது. ஆட்டோமேட்டிக் வந்தால் முதலில் பெட்டி, அப்புறம் இன்ஜின். பெட்டியைப் பார்ப்பதும் நெரிசலில்தான். கொள்ளிடம் பாலம் ஏறி, திருவானைக்கோவில் வழியாக மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், அண்ணா சிலை, சத்திரம். சாயங்காலம் ஐந்தரைக்குமேல். நடந்து போனால் முந்திவிடலாம் என்கிற வேகத்தில் முக்கால் மணி நேரம். உலர் கிளட்ச் பெட்டிக்குச் சூடுதான் எமன். பைபாஸில் அது நல்ல பிள்ளையாக இருக்கும். சத்திரத்தில் ஊர்ந்தால்தான் குணம் தெரியும்.

2024 ஆடியில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். கூடவே அவர் மனைவி, அவரும் டீச்சர். சாருக்கு இடது முழங்கால் தேய்மானம், கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஐந்து பேர் உட்காரும் டீசல் ஆட்டோமேட்டிக் வேண்டும், ஆறு லட்சத்தில் முடிய வேண்டும். ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை என்பதால் டீச்சரம்மாவுக்குத் தயக்கம். “இப்பப் பார்ப்போம், ஆவணில எடுப்போம்மா. புரோக்கருக்கு ஆடிலதான் காது நல்லாக் கேக்கும்” என்றேன். விலை பேச அதைவிட நல்ல மாதம் கிடையாது.

“முதல்ல டீசல் எதுக்கு சார்?” என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது. வண்டி பார்த்துக் கொடுக்கிறவன் இப்படிக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கேட்டாக வேண்டும். 2010இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டது. டீசலுக்குக் கைவிட்டது 2014 அக்டோபரில். இடைப்பட்ட வருடங்களில் இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது, ஊரே டீசலுக்கு ஓடியது. 2024இல் அது லிட்டருக்கு எட்டொன்பது ரூபாய்தான். தினமும் கோயிலுக்கும் காய்கறிக்கும் வடக்குச் சித்திரை வீதியைச் சுற்றிவர டீசல் எடுத்தால், மிச்சம் பிடித்த காசை மெக்கானிக்குக் கொடுப்பதுதான் நடக்கும்.

சாரின் கணக்கு வேறு. மகள் பெங்களூரில். மாதம் ஒரு முறை நாமக்கல், சேலம், ஓசூர் வழியாகப் போய்வர 700 கிலோமீட்டர். அதற்குமேல் கும்பகோணம் பக்கம் சொந்த ஊர், கோயில், கல்யாணம் காட்சி. மாதம் 1,200 என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 14 கொடுத்தால் 86 லிட்டர், எட்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்குமேல். டீசல் 20 கொடுத்தால் 60 லிட்டர், ஐந்தாயிரத்து ஐந்நூறு. மாதம் மூவாயிரம் மிச்சம். சாரே சுண்ணாம்புக் கட்டியை வாங்கி என் பட்டறைச் சுவரில் வகுத்துப் போட்டார், விடைக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். சரி, டீசல்.

அடுத்து நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. “ஆறு லட்சம் இருந்தா அஞ்சு லட்சத்து நாப்பதுக்குள்ள வண்டி பார்ப்போம் சார். அறுபதாயிரம் பெட்டிக்கும் டயருக்கும் ஒதுங்கியிருக்கட்டும்.” பழைய ஆட்டோமேட்டிக்கைக் கையிலிருக்கும் கடைசி ரூபாய்க்கு வாங்குகிறவர், அதை நிறுத்தி வைக்கத்தான் வாங்குகிறார்.

டீசல் ஆட்டோமேட்டிக் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே நாலு ஜாதி. மில்காரர்களுக்கு நான் மில்லை வைத்தே சொல்வேன். கன்வர்ட்டர் பெட்டி என்றால் எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு காற்றாடி. ஒன்றை இன்ஜின் சுற்ற, எண்ணெய் விசையில் மற்றது சுற்றும். பழைய சங்கதி, முரட்டு உழைப்பு. 2015இல் வந்த க்ரெட்டா 1.6 டீசலில் ஆறு கியரோடு வருவதும், 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் இருப்பதும் அதுதான். சி.வி.டி. என்றால் கூம்பு மாதிரி விரிந்து சுருங்கும் இரண்டு புல்லி, நடுவே எஃகு பெல்ட். நெல் மிஷினில் பெல்ட் ஓடுவதைப் பார்த்தவனுக்கு விளக்கவே வேண்டாம். டீசலில் அதைப் போட்டு வந்தது 2018 அமேஸ். இரட்டை கிளட்ச் கதையைத்தான் சொன்னேனே.

நாலாவது ஏ.எம்.டி. இதில் புதுப் பெட்டியே கிடையாது. பாய் எனக்குக் காட்டிய அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச் தட்டு. கால் மட்டும் இல்லை. உள்ளே கத்துக்குட்டி டிரைவர் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் கையால் கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, விடுகிறான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கணம் யோசிப்பான். அந்தக் கணத்தில் வண்டி தலையை ஆட்டும். டீசலில் இதை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது 2014இல் டாடா ஜெஸ்ட். 2016 ஜனவரியில் டிசையர் டீசலில் வந்தது, 2018இல் நெக்ஸானிலும் விட்டாரா பிரெஸ்ஸாவிலும். ஓட்டச் சுகம் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். என் தீர்ப்பு வேறு. குறைந்த காசில் வாங்குகிறவருக்கு, கெட்டால் உள்ளூரிலேயே திறக்க முடிகிற பெட்டிதான் பெட்டி. சுகம் கடன் மாதிரி, கடைசியில் மொத்தமாகக் கட்டச் சொல்லும்.

முதலில் பார்த்தது ஒரு க்ரெட்டா. டெல்லி வண்டி, கன்வர்ட்டர் பெட்டி, விலை ஐந்தேகால். சாருக்குக் கண் விரிந்தது. டெல்லியில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து ஒன்பது வருட டீசல்களெல்லாம் தெற்கே இறங்க ஆரம்பித்தன. வண்டிகள் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வரவேண்டும், இங்கே மறுபதிவு செய்து வரி கட்டவேண்டும், நம்பர் விழும்வரை நடக்க வேண்டும். வரியைக் கூட்டிப் பார்த்தபோது மலிவு என்பது காணாமல் போயிருந்தது. முழங்கால் வலிக்காரரை ஆபீஸ் படி ஏறவைக்க எனக்கும் மனமில்லை.

இரண்டாவது, உள்ளூர் பதிவு. புரோக்கர் காலையிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு வந்திருந்தார். பானெட்டைத் தொட்டேன், சுட்டது. டீசலை ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூடான இன்ஜின் எல்லா நோயையும் மறைத்துக்கொள்ளும். ஸ்கேனரைச் சொருகினேன். ஒரு ஃபால்ட் கோடும் இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. ஸ்கேனரில் இன்னொரு பக்கம் உண்டு. கோடுகளை அழித்தபிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும். பதினொன்று! புரோக்கர் கடையிலிருந்து என் பட்டறை ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர். “அண்ணே, பேட்டரி மாத்துனோம், அதான்” என்றார். நான் ஸ்கேனரைச் சுற்றிப் பையில் வைத்தேன்.

மூன்றாவது வண்டியில்தான் சாரும் நானும் முட்டிக்கொண்டோம். 2021 மாடல், தில்லை நகர்ப் பக்கம் ஒரு டாக்டருடையது, வெறும் 18,000 கிலோமீட்டர், புது வண்டி வாசனை. விலை கையை மீறியது, ஆனாலும் நகையை வைத்தாவது எடுத்துவிடலாம் என்கிற அளவுக்கு டீச்சரம்மாவுக்குப் பிடித்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும், வண்டி நெடுஞ்சாலையில் ஒரு மூச்சு ஓட வேண்டும். வீட்டிலிருந்து கிளினிக்குக்கு மூன்று கிலோமீட்டர் போய் மூன்று கிலோமீட்டர் வந்த வண்டியில் கரி அடைந்துகொண்டேதான் போகும். டேஷ்போர்டில் அந்த விளக்கு ஒரு முறை கண்சிமிட்டியதைச் சாரும் பார்த்தார். “கம்மியா ஓடுன வண்டிதானே தம்பி நல்லது?” என்றார். டீசலில் அப்படி இல்லை. திருச்சி - சென்னை சாலையில் ஒன்றரை லட்சம் ஓடிய டீசலை, ஊருக்குள் இருபதாயிரம் ஓடிய டீசலைவிட நான் நம்புவேன். சார் அரை மனதாகத் தலையாட்டினார்.

ஓர் அமேஸ் சி.வி.டி.யும் வந்தது, நல்ல வண்டி. பெட்டி எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு பில் கேட்டேன். அதைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே கரூர்க்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். ஆட்டோமேட்டிக் எண்ணெய் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சில கையேடுகளில் ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்று இருக்கும். யாருடைய ஆயுள் என்று போட்டிருக்காது. நான் இறக்கிப் பார்க்கும் கன்வர்ட்டர் எண்ணெய் சிவப்பாக இருந்தால் சந்தோஷம். காப்பி நிறத்தில் தீய்ந்த வாடை அடித்தால் விலையில் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்பேன், இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிடுவேன்.

ஆவணி பிறந்து இரண்டாம் நாள் துறையூரிலிருந்து ஒரு டிசையர். 2017 கடைசிப் பதிவு, டீசல் ஏ.எம்.டி., 1,12,000 ஓடியது. விற்பவர் நெல் வியாபாரி, புரோக்கர் நடுவில் இல்லை. காலை ஆறரைக்கு நானும் சாரும் போனோம். வண்டி தொழுவம் ஓரமாக நின்றது, பானெட்டில் பனி. வழக்கம்போல ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். மூலையில் தவிடு. நான் வாயைத் திறக்கும்முன் அவரே, “மில்லுக்குத்தான் தம்பி ஓடுச்சு. பத்தாயிரத்துக்கு ஒருதரம் ஃபில்டர் மாத்திருவேன்” என்றார். பில் கட்டு ஒரு மஞ்சப்பையில் இருந்தது. எனக்கு அங்கேயே பாதி மனது இறங்கிவிட்டது.

அந்த 1.3 லிட்டர் இன்ஜினை இந்தியாவில் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஃபியட்டின் வடிவமைப்பு. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, ஜெஸ்ட், பிரெஸ்ஸா என்று ஊரில் பாதி டீசலுக்கு இதயம் இதுதான். 2020இல் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனாலும் துறையூர் கடைவீதியில்கூட இதற்கு இன்ஜெக்டர் பார்க்க ஆள் உண்டு, பாகமும் உண்டு. ஜில் ஸ்டார்ட்டில் அரைச் சுற்றில் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தேன், லேசான மூச்சு, அவ்வளவுதான். டைமிங் செயின் சத்தம் இல்லை. ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டியில் காலையில் அது கலகலக்கும். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் மழமழப்பு எல்லாம் லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்குப் பொருந்தின. கண்ணாடிகளில் போட்டிருக்கும் வருடக் குறி எல்லாம் ஒன்றுபோல இருந்தன, இடது முன்கதவுக் கண்ணாடி தவிர. “பேரன் கிரிக்கெட்” என்றார்.

பெட்டிக்காக நான் சத்திரம் வரை போகவில்லை. பச்சமலைக்கு ஏற்றிவிட்டேன், சோபனாபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டி. வளைவில் ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் கிளட்ச் கதை முழுக்க வந்துவிடும். மூன்றாவது வளைவில் ஒரு நடுக்கம். ஐந்தாவதில் மெல்லிய தீய்ந்த வாடை, சூடான இரும்பின் மேல் உமி விழுந்தாற்போல. கிளட்ச் முடியும் தறுவாயில் இருந்தது. சார் முகம் வாடியது, எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். இது தெரிந்த நோய். தட்டு, பிரஷர் பிளேட், பேரிங், இறக்கி ஏற்றும் கூலி, புதுக் கிளட்சின் பிடியை ஸ்கேனரில் அந்தக் கத்துக்குட்டிக்குப் படிப்பித்துவிடுவது எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரத்துக்குள் என் பட்டறையிலேயே முடியும். கீழே இறங்கி வியாபாரியிடம் மறைக்காமல் சொன்னேன். ஐந்து எண்பத்தைந்து கேட்டவர் ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தார். “மலை ஏறிப் பார்த்துட்டு வந்து சொல்றீங்க, என்ன பண்றது” என்றார்.

காகிதம் சுருக்கமாக. இன்ஷூரன்ஸில் ஐம்பது சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து ஒரு கிளெய்மும் போடாதவருக்குத்தான் அது கிடைக்கும், பெரிய அடி வாங்காத வண்டிக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. போலீஸ் அபராத பாக்கியைப் பரிவாகன் தளத்தில் பார்த்தோம், காருக்கு ஹெல்மெட் கேஸ் மாதிரி வேடிக்கை எதுவும் இல்லை. டி.என். 48, ஸ்ரீரங்கம் பதிவு, ஆகவே என்.ஓ.சி. அலைச்சலும் இல்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் அன்றைக்கே கையெழுத்து. வியாபாரி, “நீங்க மெதுவா மாத்திக்கங்க” என்றார். நான் ஒப்பவில்லை. பெயர் மாற்றாமல் விற்ற வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருக்கிறவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவரைவிட விற்கிறவர்தான் இதற்கு அவசரப்பட வேண்டும்.

கிளட்ச் மாற்றி, நாலு டயரில் இரண்டைப் புதிதாகப் போட்டபோது ஒதுக்கி வைத்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சார் அதைச் சுவரில் எழுதப் போனார், டீச்சரம்மா கட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

சமயபுரத்தில் பூஜை போட்டோம். கோயிலுக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நிற்க, பூசாரி சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். சார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது காலால் இல்லாத கிளட்சைத் தேடினார்.

“பிரேக்லேர்ந்து காலை எடுங்க சார். அது போதும்.”

எடுத்தார். வண்டி அசையவில்லை. பூசாரி என்னைப் பார்த்தார், டீச்சரம்மா சாமியைப் பார்த்தார். அப்புறம் மெல்ல ஊர்ந்து, பழத்தில் இடித்து, ஒரு கணம் நின்று யோசித்து, ஏறி நசுக்கியது.

“ரொம்ப யோசிக்குது தம்பி” என்றார் சார்.

“உங்க ஸ்கூல்ல படிச்சிருக்கும்” என்றார் டீச்சரம்மா, பின் சீட்டிலிருந்து.